மாலை விழாத படம்

கச்சான் காற்று விடியுமுன்னே கிளம்பிவிட்டது. பத்மாசனி அதற்கும் முன்னரே எழும்பிவிட்டாள். முற்றத்தைக் கூட்டினாள். கூட்டி முடித்த இடத்தில் காற்று வந்து சருகைக் கொட்டிவிட்டுப் போனது, திரும்பவும் கூட்டினாள். கிணற்றடிக்குப் போய் வாளியை உள்ளே விட்டவள், தண்ணீர் அள்ளாமலே கயிற்றை இழுத்துச் சுற்றி வைத்துவிட்டு வந்தாள். அடுப்பில் வைத்த தேத்தண்ணி பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது. இருந்தால் எழும்ப வேண்டும் போலிருந்தது. எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை.

“பிள்ளை, ஒரு இடத்திலை இரன்,” என்றார் தகப்பன் ஐயாத்துரை.

“இருக்கிறன் ஐயா,” என்று நின்றுகொண்டே சொன்னாள்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்குக் குடியேற்றத்தின் புது மருந்துச்சாலை திறக்கப்பட இருந்தது. ஒட்டுசுட்டானிலிருந்து காட்டை வெட்டிக்கொண்டு உள்ளே வந்து குடியிருந்தவர்களுக்கு இது சின்னக் காரியமில்லை. பாம்பு கடித்தாலும் காய்ச்சல் கொதித்தாலும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு போய், பஸ்ஸுக்குக் காத்திருந்து, அரைவாசிப் பேர் ஆசுபத்திரி வாசலைக் காணாமலே போய்ச் சேர்ந்த இடம் அது. அந்த மருந்துச்சாலைக்குப் பத்மாசனியின் புருசன் செல்வநாயகத்தின் பெயரை வைக்கப் போகிறார்கள். உள்ளே அவனுடைய பெரிய படம் திறக்கப்படும். படத்துக்கு முதல் மாலையைப் பத்மாசனிதான் போட வேண்டும்.

அந்த மாலைதான் அவளை இருக்கவிடாமல் ஆட்டிக்கொண்டிருந்தது. உயிரோடிருக்கிறவரின் படத்துக்கு எங்கள் சனம் மாலை போடுவதில்லை. போட்டால் அந்த ஆள் செத்துவிட்டார் என்று பொருள். அவள் கையால் மாலை விழுந்ததும், பின்னேரம் பெண்கள் வருவார்கள். பொட்டை அழிப்பார்கள், தாலியைக் கழற்றுவார்கள். வரப்போகிறவர்கள் யார் யாரென்றுகூட அவளுக்குத் தெரியும்.

செல்வநாயகம் செத்துவிட்டான் என்பதை அவள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. தந்தி வந்து மூன்று வருசமாகிறது. அவன் மலாயாவில் ஒரு தோட்டத்து ஆசுபத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸராகப் போனவன். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் ஒரு தனிப்படை சேர்த்தபோது, அந்தப் படைக்கு டிரெஸர் வேண்டுமென்று இவனையும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். ஆகாயக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்க் குடையைக் கட்டி மரங்களுக்கு மேலே தள்ளிவிடுவார்களாம். விழுந்து கால் முறிகிறவனுக்குக் கட்டுப்போட இவனும் கூடவே குதிக்க வேண்டுமாம். லீவில் வந்தபோது இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னான். அந்த லீவு முழுக்கக் குறுக்கே மாட்டிய மருந்துப் பையைக் கழற்றவேயில்லை. பகலில் கண்ணயர்ந்தாலும் பை மார்பில் கிடக்கும். “என்னைக் கட்டினீங்களோ இந்தப் பையைக் கட்டினீங்களோ?” என்று கேட்டே விட்டாள்.

தந்தி என்றால் தந்திதான், கொழும்பில் யாரோ அடித்த கடதாசி. உடம்பைக் கண்டவர் யார்? அப்படித்தான் கேட்டாள். முழு விசர் என்று அவளைச் சொல்லவும் முடியாது. யாழ்ப்பாணத்தில் அவளுடைய ஊரில், இரண்டு வீடு தள்ளி இராசேஸ்வரி என்றொருத்தி இருந்தாள். யப்பான்காரன் மலாயாவைப் பிடித்த காலத்தில் அவளுடைய புருசனிடமிருந்து கடிதமில்லை, காசில்லை, ஒரு தகவலும் இல்லை. செத்துவிட்டான் என்று சொந்தக்காரர் முடிவு கட்டி, கீரிமலையில் கிரியையும் செய்து, அவளை வெள்ளைச் சேலையில் இருத்திவிட்டார்கள். சண்டை முடிந்து கப்பல் விட்டதும் அந்த மனுசன் கையில் தகரப் பெட்டியோடு ஒழுங்கையால் நடந்து வந்தார். இராசேஸ்வரி அவரைக் கண்டதும் குசினிக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர்ச் சனம் கூடி நின்று கெஞ்சியும் பொழுதுபடும்வரை திறக்கவில்லை. பத்மாசனி அப்போது குமர்ப்பெண். அந்தச் சாத்திய கதவை அவள் மறக்கவில்லை.

ஆகவே பொட்டு வைத்தாள், தாலியோடு திரிந்தாள், வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைத்தாள். சனம் கதைத்தது. கதைக்கட்டும் என்றிருந்தாள். ஆனால் ஒரு ஆளை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. அன்ஸார் என்று ஒருவன், முல்லைத்தீவில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். அந்தப் படையில் வயர்லெஸ் பெட்டி சுமந்தவன். அவன் குண்டுபட்டுக் கிடந்தபோது தூக்கப் போய்த்தான் செல்வநாயகம் செத்தான் என்பது கதை. மலாயாவிலிருந்து வந்த கையோடு அன்ஸார் நொண்டி நொண்டி வந்து வாசல் படலையில் நின்றான். அவள் உள்ளே இருந்தபடியே, “போகச் சொல்லுங்கோ ஐயா,” என்று கத்தினாள். பிறகும் ஒருமுறை வந்தான். அப்போதும் அதே மறுமொழிதான். முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. நம்பாத சாவுக்கு ஒருவன் மேல் கோபப்படுவது எப்படியென்று கேட்காதீர்கள். அவளுக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான். அவன் உயிரோடு சைக்கிள் திருத்துகிறான் என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு பற்றி எரியும்.

இந்த மருந்துச்சாலை வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியவர் கிராம முன்னேற்றச் சங்கத் தலைவர் வீரகத்தி. வீரகத்திக்குக் கூட்டம் என்றால் கலியாண வீடு. மைக் இல்லாத இடத்திலும் மைக்குக்கு முன்னால் நிற்பது போலத்தான் கதைப்பார். செல்வநாயகத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. ஐயாத்துரையும் மகளும் தந்திக்குப் பிறகுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறினார்கள், அவர்களைத் தவிரக் குடியேற்றத்தில் வேறொருவரும் அவனைக் கண்டதில்லை. அதற்காக வீரகத்தியின் உற்சாகம் குறைந்துவிடவில்லை.

“எங்கட குடியேற்றத்துக்கு ஒரு வீரன் இருக்கிறான் தங்கச்சி. அவருக்கு நாங்கள் மரியாதை செய்ய வேண்டாமோ? பெயர் வைப்பம், படம் வைப்பம், டி.ஆர்.ஓ. ஐயாவைக் கூப்பிடுவம்,” என்றார்.

“பெயரை வையுங்கோ அண்ணை. மாலை வேண்டாம்.”

“மாலை போடாத படத்தைச் சபையிலை திறக்கிறதோ? நல்லாயிருக்குமோ?”

அவள் மாட்டேனென்றாள். பிறகு ஒருநாள் வயலிலிருந்து வந்த ஐயாத்துரை மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, “நான் கண்ணை மூட முந்தி அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடு பிள்ளை. அவன் எங்கையெண்டு அலையிறானோ,” என்று அழுதார். தகப்பன் அழுததை அவள் அதற்குமுன் கண்டதில்லை. வாய் தவறி, “ஓம்,” என்றுவிட்டாள். அந்த ஓமைத் திரும்ப விழுங்க வழி தெரியாமல்தான் இவ்வளவு நாளும் திரிந்தாள்.

படம் கேட்டு வீரகத்தி வந்தார். றங்குப்பெட்டியின் அடியில் மலாயாவிலிருந்து வந்த ஒரே ஒரு படம் கிடந்தது. படையாட்கள் எல்லாரும் தொப்பியோடு வரிசையாக இருந்து எடுத்த படம். தந்தி வந்த பிறகுதான் அது தபாலில் வந்து சேர்ந்தது, அவள் அதைத் திறந்து பார்த்ததேயில்லை. பார்த்தால் மனம் ஆடிவிடும் என்ற பயம். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு உறையோடு எடுத்து நீட்டினாள்.

“இதிலை ஆர் தங்கச்சி எங்கட ஆள்?”

“குறுக்காலை மருந்துப் பை போட்டிருப்பார்,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். புருசனின் பெயரைச் சொல்லக் கூச்சம். விரலால் தொட்டுக் காட்டப் பயம். அந்தப் பையில்லாமல் அவன் ஒருநாளும் இருந்ததில்லையே, வேறென்ன சொல்ல வேண்டும்? வீரகத்தி வவுனியாவுக்குப் போய், ஸ்ரூடியோக்காரனுக்குப் பை போட்ட ஆளைக் காட்டி, தொப்பியைக் கழற்றிவிட்டு மார்பளவுக்குப் பெரிதாக்கித் தரச் சொல்லிவிட்டு வந்தார்.

பத்து மணியாயிற்று. பந்தலுக்குள் குடியேற்றமே வந்திருந்தது. திறந்துவைக்க வரவேண்டிய பகுதி அதிகாரி டி.ஆர்.ஓ.வைத்தான் காணவில்லை. பத்தரை, பதினொன்று. காற்று பந்தல் ஓலையைப் பிடித்து உலுக்கியது. சுவரில் தொங்கிய படத்தை மூடியிருந்த வெள்ளைத் துணி உப்பி உப்பி அடங்கியது. முன்வரிசைக் கதிரையில் பத்மாசனி நுனியில் இருந்தாள். எழும்பி வெளியே போய்த் தண்ணீர்ப் பானையைப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்ப இருந்தாள். தட்டில் கிடந்த மாலையை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு தட்டில் வைத்தாள். மேடையில் வீரகத்திக்குப் பக்கத்தில் தாடியும் தொப்பியுமாக ஒரு முஸ்லிம் ஆள், ஒரு காலை நீட்டியபடி தலைகுனிந்து இருந்தான்.

“ஆர் அந்த ஆள்?” என்று அவள் தகப்பனைக் கேட்டாள்.

“அன்ஸார். பேசக் கூப்பிட்டவை.”

அவளுக்கு வந்த கோபத்தில் எழும்பியே விட்டாள். தகப்பன் சேலைத் தலைப்பைப் பிடித்து இருத்தினார்.

வீரகத்தியும் கதிரையில் இருக்கவில்லை. அன்றைக்குப் புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு இராகுகாலம் தொடங்கிவிடும். கடிகாரத்தைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக நின்றவர் கடைசியில் பொறுமையிழந்து அறிவித்தார். “றிபன் வெட்டுறது டி.ஆர்.ஓ. ஐயா வந்த பிறகு. படத்தை நல்ல நேரத்துக்குள்ளை இப்பவே திறக்கிறம்!” சொல்லிக்கொண்டே துணியை இழுத்தார்.

பத்மாசனி மாலையோடு எழும்பி நடந்தாள். கால் தன்பாட்டில் நடந்தது. மூன்று வருசம் பார்க்காத முகத்தைப் பார்க்கப் போகிறாள். தலையை நிமிர்த்தினாள்.

படத்தில் இருந்தவன் செல்வநாயகம் இல்லை.

நீண்ட முகம். கூரிய மூக்கு. யாரோ ஒரு இளந்தாரி, செல்வநாயகத்தின் பையை மாட்டிக்கொண்டு சிரித்தான். அடுத்த நொடி, சொன்னால் வெட்கம், ஒரு சந்தோசம் பாய்ந்து வந்தது. அவர் இல்லை! மாலையை வாங்க அவர் வரவில்லை! அம்மாள் கண் திறந்துவிட்டாள்! வாய்விட்டுச் சிரித்தாள். சபையில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி மாறிவிட்டதென்று ஒருத்தி கன்னத்தில் கைவைத்தாள்.

“போடுங்கோ தங்கச்சி, நேரம் போகுது,” என்று வீரகத்தி காதோரம் அவசரப்படுத்தினார்.

அப்போது மேடையில் கதிரை விழுந்த சத்தம் கேட்டது. அன்ஸார் எழும்பி நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“நிப்பாட்டுங்கோ. அது செல்வண்ணை இல்லை,” என்றான். “அது நான்.”

பந்தல் ஒரேயடியாக இரைந்தது. எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். தாடியை எடுத்துவிட்டால், தசையையும் கொஞ்சம் ஒட்ட வைத்தால், ஓம், அவன்தான். அன்ஸார் சொல்லித் தீர்க்க வேண்டியவன் போல வேகமாகச் சொன்னான். வயர்லெஸ் பெட்டி பாரம் என்று அவன் எந்நாளும் முணுமுணுப்பானாம். படமெடுத்த அன்று செல்வநாயகம் அவனுடைய பெட்டியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு, “நீ என்ர பையை ஒருக்கால் சுமந்து பார், எது பாரமெண்டு தெரியும்,” என்று பையை இவன் கழுத்தில் மாட்டிவிட்டானாம். பகிடிக்குச் செய்தது. அப்படியே படமும் எடுத்தாயிற்று.

வீரகத்தி தலையில் கைவைத்தார். “நான் பையைத்தானே காட்டினனான்! பையைத்தானே காட்டினனான்!” என்றவர், சட்டென்று தலைவர் குணம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். “பரவாயில்லை தங்கச்சி. இப்ப ஒருக்கால் போட்டுவிடுங்கோ. நாளைக்குப் படத்தை மாத்துவம். டி.ஆர்.ஓ. ஐயாவுக்கு என்ன தெரியப் போகுது?”

“உயிரோடை நிக்கிற மனுசன்ரை படத்துக்கோ? உனக்கென்ன விசரோ வீரகத்தி?” என்று ஐயாத்துரை கத்தினார்.

அன்ஸார் நொண்டியபடி இறங்கி வந்து பத்மாசனிக்கு முன்னால் நின்றான்.

“போடுங்கோ அக்கா. அதுக்கே போடுங்கோ,” என்றான். “அண்டைக்கு வந்த சாவு எனக்கு வந்தது. நான் குண்டுபட்டு வெளியிலை கிடந்தனான். போகாதை எண்டு வெள்ளைக்காரத் துரை செல்வண்ணையைப் பிடிச்சு இழுத்தவர். செல்வண்ணை உதறிப்போட்டு வந்தார். இது என்ர சீவியமில்லை அக்கா. இரவல் சீவியம். அந்த மாலை எனக்குரியது.”

உண்மையைச் சொன்னால், அவள் கை உயர்ந்தது. மூன்று வருசம் நெஞ்சுக்குள் வைத்துப் பொசுக்கிய ஆள் இவன். இவன் கிடந்திருக்கலாமே என்று எத்தனை தரம் நினைத்திருப்பாள்! இப்போது இவனுடைய படம் சுவரில், மாலை அவள் கையில். போடச் சொல்லி அவனே நிற்கிறான். ஒருவரும் அவளைக் குற்றம் சொல்லப் போவதில்லை. மாலை படத்தின் விளிம்புவரை போய்விட்டது. படத்துக்குள் அந்த இளந்தாரி, கழுத்தில் செல்வநாயகத்தின் பையோடு, யாருடைய பகிடிக்கோ சிரித்தபடி இருந்தான். யாருடைய பகிடிக்கென்று அவளுக்குத் தெரியும்.

அவள் கையை இறக்கித் திரும்பினாள்.

“என்ன கதை கதைக்கிறியள்?” என்று சீறினாள். “உங்களுக்கு இந்த மாலை விழக்கூடாதெண்டுதானே அந்த மனுசன் ஓடி வந்து செத்தது! அவர் உயிரைக் குடுத்துத் தடுத்ததை நான் என்ர கையாலை போட்டுவிடுறதோ? அப்ப அவர் செத்தது என்னத்துக்கு?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. செத்தது. அவளே சொல்லிவிட்டாள். தந்தி சொல்லி, தகப்பன் சொல்லி, ஊர் சொல்லி ஏற்றுக்கொள்ளாததை, ஒருவரும் வற்புறுத்தாமல் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். ஐயாத்துரை தோளில் கிடந்த சால்வையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

வீரகத்தி படத்தை மூடுவதற்குத் துணியைத் தேடினார்.

“மூட வேண்டாம் அண்ணை,” என்றாள் பத்மாசனி. இப்போது குரல் தணிந்திருந்தது. “அப்பிடியே இருக்கட்டும். மாலை வேண்டாம். அவர் காப்பாத்தின ஆள் இதுதான் எண்டு வாறவைக்குச் சொல்லுங்கோ. மருந்து கட்டுறவருக்கு அதைவிட என்ன மரியாதை?”

அவள் நிலத்தில் இருந்தாள். அன்றைக்கு முதல்தடவையாக, எழும்பும் எண்ணமில்லாமல் இருந்தாள். அன்ஸாரும் நீட்டிய காலோடு கொஞ்சம் தள்ளி இருந்தான். படலையோடு திருப்பி அனுப்பிய மனிதனை அவள் இப்போதுதான் முகம் கொடுத்துப் பார்த்தாள்.

“நீங்கள் அவருக்குக் கிட்டக் கிடந்தனீங்களோ?”

“ஓம் அக்கா. பக்கத்திலைதான்.”

“தண்ணி கேட்டவரோ?”

அன்ஸார் தலையாட்டினான். “கேட்டவர். என்னட்டைத் தண்ணிப் போத்தில் இருந்தது. ஊர்ந்து போய், தலையைத் தூக்கி மடியிலை வைச்சுக் குடுத்தனான். துணி நனைச்சு உதட்டையும் துடைச்சுவிட்டனான்.” கொஞ்சம் தயங்கினான். “நான் வேறை சாதி, வேறை சமயம். குறை நினையாதேங்கோ. அந்தக் காட்டுக்குள்ளை வேறை ஒருதரும் இல்லை.”

“என்ன குறை?” என்றாள். “கடைசித் தண்ணி பெத்த பிள்ளை ஊத்த வேணும், இல்லாட்டிக் கட்டினவள் ஊத்த வேணும். பிள்ளை இல்லை. நான் இஞ்சை இருந்தனான். நீங்கள் ஊத்தியிருக்கிறியள்.” பிறகு, குழந்தை கேட்பது போலக் கேட்டாள். “குடிச்சவரோ? உள்ளை போனதோ?”

“போனது அக்கா. குடிச்சுப்போட்டுப் போதுமெண்டு கையைக் காட்டினவர். மிச்சத்தை என்னைக் குடிக்கச் சொன்னவர்.”

பத்மாசனிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தந்தி வந்த நாளிலும் வராத அழுகை, அடிவயிற்றிலிருந்து கிளம்பிப் பந்தல் முழுக்கக் கேட்டது. பெண்கள் எழும்பி வந்து அவளைச் சுற்றி இருந்தார்கள். தாலியைக் கழற்ற ஒருத்தியும் கைநீட்டவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே அழுதார்கள். செல்வநாயகத்தைக் கண்ணால் காணாதவர்களும் அழுதார்கள்.

தெருவில் ஜீப் வந்து நின்றது. வீரகத்தி ஓடினார். காலையிலிருந்து கத்தரிக்கோலையும் றிபனையும் தட்டில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தவர், பேசுவதற்கு நாலு பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தவர், தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஜீப்புக்கு முன்னால் கையை விரித்து மறித்து நின்றார்.

“இண்டைக்குக் கூட்டமில்லை ஐயா,” என்றார். “குறை நினையாதேங்கோ. இது செத்த வீடு.”